பெல்சிய நீல இனப் பசுவும் ஈற்றிடரும்

கன்று பருத்து ஈற்றுவழி அடைபடுதல் ஆநிரை வளர்ப்போர் பண்டுதொட்டு அறிந்த இடராகும். தனிப் பசுவிற்கு எப்போதேனும் நேரும் இவ்விடர், பெல்சிய நீல இனத்தில் இனம் முழுமைக்கும் உரிய இயல்பாயிற்று. அது நேர்ந்தவாற்றை ஈண்டு ஆராய்வோம்.

19-ஆம் நூற்றாண்டில் பெல்சியத்தின் உள்நாட்டுப் பசுக்களோடு இங்கிலாந்தினின்று கொணர்ந்த ஷார்ட்ஹார்ன் பொலிகாளைகள் சேர்க்கப்பட்டன. அக்கலப்பில் தோன்றிய இனம் பாலுக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே பயன்பட்டது. தசை மிகப் பருத்த கன்றுகள் அதனுள் இடையிடையே பிறந்தன. அவற்றை ஈன்றெடுத்தல் தாய்க்கும் கன்றுக்கும் உயிரிடராக இருந்தமையின், அத்தன்மை பெருகுதற்கு ஈற்றிடரே வேலியாக நின்றது எனலாம்.

அவ்வேலியை அகற்றியது மருத்துவமே. 1940-களில் பென்சிலின் முதலிய மருந்துகள் பயன்பாட்டிற்கு வந்தபின், வயிற்றைக் கீறிக் கன்றை எடுத்தல் அச்சம் குறைந்த செயலாயிற்று. பசு நின்றவாறிருக்க, இடப்பக்கத்தை மட்டும் உணர்விழக்கச் செய்து இவ்வறுவையை முடிப்பர். செயற்கைக் கருவூட்டலும் உடன் பரவியது. ஆகவே, இறைச்சியின் ஊதியம் கருதிய வளர்ப்போர் 1950-கள் முதல் பருந்தசைக் காளைகளையே தேர்ந்தனர். இன்று தூய நீல இனக் கன்றுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றின் மேற்பட்டவை அறுவையாலேயே பிறக்கின்றன.

கன்றின் பருமையே முழுக் காரணம் என்பார் உளர். அது பாதி உண்மையே. தசை வளர்ச்சிக்கு அளவு வகுப்பது மயோஸ்டாட்டின் என்னும் புரதம். அதற்குரிய மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டுள்ளமையை 1997-இல் லீயேஜ் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளரும் வெளிப்படுத்தினர். இக்குறை கன்றின் பின்புறத்தை அகலச் செய்கிறது. இக்குறையுடைய தாய்க்கோ இடுப்பெலும்பு வளையம் குறுகியே அமைகிறது. வருபொருள் பெருக, வழி சுருங்கிற்று என்க.

21-ஆம் நூற்றாண்டில் கெண்ட் பல்கலைக்கழகத்தார் இவ்வினப் பசுக்களின் இடுப்பு வளையத்தை அளந்து, இயற்கை ஈற்றிற்கு மீளும் வழியை ஆராய்ந்தனர். அகன்ற வளையமுடையவற்றைத் தேர்ந்து பெருக்கினால் அன்றி அம்மீட்சி கைகூடாது. உயிர் காக்க வந்த அறுவை ஒவ்வொரு தாயையும் காத்தது. ஆயின், அத்தாய்க்கு இடர் விளைத்த கூற்றையும் உடன் காத்து, அடுத்த தலைமுறைக்கு அளித்தது. இவ்வினத்தின் வரலாற்றினின்று நாம் கொள்ளும் முடிபு இதுவே.