போஸ்ட்நோர்ட் இணைப்பும் தேசிய அஞ்சல் கடமையும்

ஸ்வீடனின் போஸ்டன், டென்மார்க்கின் போஸ்ட் டான்மார்க் ஆகிய இரு அரசு அஞ்சல் நிறுவனங்களும் 2009 ஜூனில் இணைந்து உருவானதே இன்றைய போஸ்ட்நோர்ட். பங்குகளில் ஸ்வீடனுக்கு 60 விழுக்காடு, டென்மார்க்குக்கு 40. வாக்குரிமை மட்டும் சரிபாதி. நிறுவனம் பின்னாளில் தடுமாறியதற்கு மின்னஞ்சலைக் காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மின்னஞ்சல் இரு நாடுகளுக்கும்தான் வந்தது. ஆனால் அதே நிறுவனம் ஒரு நாட்டில் கடிதத்தைக் கைவிட்டு, மற்றதில் இன்றும் சுமக்கிறது. இதற்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. இணைந்தவை சொத்தும் நிர்வாகமும். எல்லா முகவரிக்கும் கடிதம் சேர்க்கும் சட்டக் கடமை அந்தந்த நாட்டுச் சட்டத்திலேயே தங்கிவிட்டது.

சரிபாதி வாக்குரிமை தற்செயலானதாகத் தெரியவில்லை. ஸ்வீடனின் டெலியாவையும் நார்வேயின் டெலினாரையும் இணைக்கும் முயற்சி, கைபேசிப் பிரிவின் தலைமையகம் எங்கே என்ற சண்டையில் 1999 டிசம்பரில் முறிந்தது. சிறிய பங்காளி நாடு பெரியதன் முடிவுக்குக் கட்டுப்பட அஞ்சும் என்பதை வட ஐரோப்பா அப்போதே கண்டுகொண்டது.

டென்மார்க் அரசு இந்த நிறுவனத்தின் பங்காளி. அஞ்சல் சட்டத்தை இயற்றுவதும் அதுவே. கடிதங்களை அனுப்பும் பெரிய வாடிக்கையாளரும் அதுவே. 2014 நவம்பர் முதல் அரசுக் கடிதங்களை மின்வழியில் பெறுவதை அது குடிமக்களுக்குக் கட்டாயமாக்கியது. வாடிக்கையாளராக எடுத்த முடிவின் இழப்பு, பங்காளியாக அதன் தலையிலேயே விழுந்தது. 60 விழுக்காடு ஸ்வீடன் தலையிலும். (மின்கடிதங்களைச் சுமந்த இ-போக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் போஸ்ட் டான்மார்க்கும் ஒன்று என்பது தனி வேடிக்கை.) 2000இல் சுமார் 140 கோடியாக இருந்த டென்மார்க் கடிதங்கள் 2024இல் 11 கோடியாகச் சுருங்கின.

இணைப்பின் உண்மை உருவம் 2017 அக்டோபர் உடன்பாட்டில் வெளிப்பட்டது. மூலதனமாக ஸ்வீடன் 40 கோடி ஸ்வீடிஷ் குரோனரும் டென்மார்க் 26.7 கோடியும் தருவதென்று முடிவாயிற்று. அதாவது அதே 60:40. ஆனால் டென்மார்க்கில் கடிதக் கடமையை நிறைவேற்றியதற்கான ஈடாக மேலும் சுமார் 153 கோடியை டென்மார்க் மட்டுமே ஏற்றது. அங்கே பெருமளவு ஆட்குறைப்பு நடந்தபோது, பழைய அரசு ஊழியர் நிலையிலேயே தொடர்ந்தவர்களுக்குத் தரவேண்டியது சட்டப்படி அதிகமாக இருந்தது; அந்தச் செலவுக்கே இத்தொகை. ஆக, இலாப நட்டத்தை ஒன்றாகப் பார்க்கவென்று உருவான நிறுவனம், நெருக்கடி வந்ததும் கணக்கை நாடுவாரியாகப் பிரித்தது. இதை நிர்வாகத் தோல்வி என்பது எளிது. ஸ்வீடன் வரிப்பணத்தில் டென்மார்க்கின் கடமையைத் தீர்க்க எந்த நாடாளுமன்றம் ஒப்பும்?

பார்சல் வணிகத்தில் இணைப்பு பலித்திருக்கிறதே என்று எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. அது சரியே, அங்கே போட்டிச் சந்தையின் விதிகளே பெரிதும் ஆள்கின்றன என்பதால் அது என் வாதத்துக்கு எதிரானதல்ல.

2024இல் நடப்புக்கு வந்த டென்மார்க் அஞ்சல் சட்டம் போஸ்ட்நோர்ட்டின் கடிதக் கடமையை நீக்கியது. கடிதங்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கும் போயிற்று. 2025 டிசம்பர் 30இல் நிறுவனம் அங்கே கடித விநியோகத்தை நிறுத்தியது. 1624இல் தொடங்கிய அரசு அஞ்சல் அத்தோடு கடிதத்தை விட்டது. கடிதங்களைத் தனியார் நிறுவனமான டாவோ எடுத்துக்கொண்டது. ஸ்வீடனில் ஒருநாள் விட்டு ஒருநாள் விநியோகம் தொடர்கிறது, கடமையும் தொடர்கிறது. பங்குதாரர் கூட்டத்தில் அந்தச் சேவையின் எதிர்காலம் வரும்போது, தன் நாட்டில் அதைக் கைவிட்ட அரசுக்குப் பாதி வாக்கு இருக்கிறது.