பசித்தவனைச் சாதி கேட்ட பட்டணம்

கோடை பிறந்துவிட்டது. கல்லூரிகள் கதவை அடைக்க, இளைஞர்கள் சென்னைக்கு வண்டி ஏறுகின்றனர். கோடை என்றால் மாமன் வீடும் ஆற்று மணலும் நுங்கும் பதநீரும் என்றிருந்த காலம் போயிற்று. இன்று கோடை என்றால் பயிற்சி! வங்கியிலோ, கணிப்பொறி நிறுவனத்திலோ, ஏட்டு அலுவலகத்திலோ, வழக்குரைஞரின் அறையிலோ இரண்டு திங்கள் இருந்து, தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்று வரவேண்டும் என்பது கல்லூரிகளின் கட்டளை. நம்மிடம் பள்ளியில் படித்துச் சென்ற பிள்ளைகள், பட்டணம் போய்ச் சேர்ந்த மறுவாரமே நமக்கு எழுதுகிறார்கள்: எங்கே சாப்பாடு நன்றாயிருக்கும்? எங்கே காப்பி மணக்கும்? ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

மகிழ்ச்சியான கேள்விகள்! கேட்போர் முகத்தில் கவலை இல்லை. கையில் காசு குறைவு என்ற கவலை மட்டும் இருக்கலாம். ஆனால் அவர்களுடைய பாட்டனும் பூட்டனும் இதே பட்டணத்துக்கு இதே வயதில் வந்திறங்கியபோது கேட்ட கேள்வி வேறு. எங்கே உண்ணலாம் என்பதன்று அது. எங்கே உண்ண விடுவார்கள் என்பது! ஒரு கேள்வி மற்றொரு கேள்வியாக மாறிய வரலாறு, பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறாத வரலாறு. அதை அறிந்தபின் உண்டால் இட்லியின் சுவை குறையாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம்.

1910களின் சென்னையை எண்ணிப் பாருங்கள். மாநிலக் கல்லூரி இருந்தது, மருத்துவக் கல்லூரி இருந்தது, சட்டக் கல்லூரி இருந்தது. தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கே இடம் பெற்றனர். இடம் கிடைத்தது வகுப்பிலே. தங்க இடமோ, உண்ண இடமோ? மாணவர் விடுதிகள் பல ஒரு சாதியாருக்கே உரியவை. திண்ணையில் ஒதுங்கலாமென்றால் சாதி கேட்பர். சமைத்துத் தின்னலாமென்றால் நேரமில்லை, பாத்திரமில்லை. அறிவு இருந்தும் சோறின்றி ஊர் திரும்பியவர் எத்தனை பேரோ! இந்த அவலத்தைக் கண்டு மனம் வெதும்பியவர் மருத்துவர் சி. நடேசனார். திருவல்லிக்கேணியில் அவர் தொடங்கிய 'திராவிடர் இல்லம்' என்னும் விடுதி, பார்ப்பனரல்லாத மாணவர்க்குச் சோறும் பாயும் தந்தது. 1916இல் நீதிக்கட்சி எழுந்ததையும், அதன் மாபெருந் தலைவர்களையும் மேடைதோறும் பேசுகிறோம், தகும். ஆனால் அந்த அரசியலுக்கு முன்னுரை எழுதியவை ஒரு சமையற்கட்டும், சில பாய்களும், பசித்த மாணவர் சிலருமே என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உரிமை என்பது பெரிய சொல். அது சில வேளை ஒரு தட்டுச் சோற்றின் வடிவில்தான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது.

ஊரிலிருந்து வருகிறவன் முதலில் கால் வைக்கும் இடம் இரயில் நிலையம். எழும்பூர் நிலையத்தின் செந்நிறக் கட்டடம் 1908இல் திறக்கப்பட்டது. கண்ணுக்கு இனிய கட்டடம். வில்வளைவுகளை நின்று பாருங்கள். ஆனால் அந்நாளைய தென்னாட்டு இரயில் நிலைய உணவுக்கூடங்களில் தடுப்பு இருந்தது. இப்புறம் பிராமணர், அப்புறம் இதராள்! ஒரே வண்டி, ஒரே பயணச்சீட்டு, ஒரே கரிப்புகை. பசி வந்ததும் மட்டும் இரண்டு பந்தி! நீராவியின் ஆற்றலை மேனாட்டிலிருந்து இறக்கிய நாடு, மனுவின் கோட்டை மாத்திரம் உள்நாட்டிலேயே உற்பத்தி செய்து, நிலையச் சுவரில் எழுதி வைத்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தவரும் விடாது எதிர்த்ததன் பின்னரே, 1941இல் இரயில்வே நிருவாகம் அந்தப் பிரிவினையை ஒழித்தது. 1924இல் சேரன்மாதேவிக் குருகுலத்தில் சிறுவர்க்கிடையே தனிப்பந்தி என்று மூண்ட நெருப்பும், மறு ஆண்டே காங்கிரசை விட்டுப் பெரியார் வெளியேறியதும் நினைவில் இருப்போர்க்கு, பந்தி என்பது எத்துணைப் பெரிய அரசியல் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் 'காப்பி கிளப்'. பெயரைக் கேட்டால் ஆங்கிலத் துரைகளின் மன்றமோ என்று தோன்றும். உள்ளே இருந்ததோ பெஞ்சும் மேசையும் டவரா டம்ளரும். காப்பி தமிழர்க்குப் பழைய பானமன்று. அது நம் வீட்டுக்குள் நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் சுவைபட எழுதியிருக்கிறார். நேற்று வந்த பானத்துக்கும் நாம் சாதி கற்பித்தோம் என்பதுதான் வேடிக்கை! காப்பி உயர்ந்தோர்க்கு, தேநீர் உழைப்போர்க்கு என்று ஒரு பாகுபாடு. சைவச் சிற்றுண்டி விடுதிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் மின்னிற்று. உள்ளே, சில இடங்களில் தனி அறை. பெண்கள் அங்கே தனியாக வந்து அமர்வதென்பது நினைத்தும் பார்க்க முடியாதது. ஆதித்திராவிடத் தோழனுக்கோ வாசலே எல்லை. "என்ன வேண்டும்?" என்று கேட்க வேண்டிய உண்டிச்சாலை, "நீ யார்?" என்று கேட்டது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்றது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம், தடுத்தால் தண்டனை என்றது. வாசல் திறந்தது, பலகை மட்டும் இறங்கவில்லை. உள்ளே எல்லோரையும் விடுகிறோம், பலகையில் என்ன எழுதினால் உமக்கென்ன என்றனர் உரிமையாளர். ஒருவன் தன்னைப் பிராமணன் என்று பலகை கட்டிச் சொல்லும்போது, பலகையைப் படிக்கும் மற்றவன் சூத்திரன் ஆகிறான் அல்லவா என்று கேட்டார் பெரியார். இந்தக் கேள்விக்கு இன்றளவும் நேரான மறுமொழியை நாம் கண்டதில்லை.

1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் மறியல் தொடங்கியது. கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. நாள்தோறும் தொண்டர் சிலர் வருவர், கடை முன் நிற்பர், கைதாவர், சிறை செல்வர். மறுநாள் வேறு சிலர் வருவர். இப்படி மாதக்கணக்கில்! ஒரு பெயர்ப்பலகையின் ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் சிறை புகுவதா என்று நகைத்தவர் உண்டு. நகைத்தவர்க்கு அந்தச் சொல் சுடவில்லை, அவ்வளவுதான். இறுதியில் சொல் இறங்கியது. ஒரு கடையில் இறங்கியது பல கடைகளிலும் இறங்க வழியாயிற்று. இன்று திருவல்லிக்கேணியின் தெருக்களில் சாம்பார் மணத்தைப் பிடித்துக்கொண்டு போகும் பயிற்சி மாணவி, பலகையைப் பார்ப்பது விலையை அறிய மட்டுமே. 1948இலிருந்து அங்கே நடக்கும் ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். கரண்டியால் உண்க, கை வைத்தால் சட்டை வீணாகும்.

சைவ விடுதிகளை மட்டும் சொல்லி நிறுத்தினால் பட்டணத்தின் பாதியை மறைத்தவராவோம். 'மிலிட்டரி ஹோட்டல்' என்ற பெயரில் புலால் உணவு தந்த கடைகளும், இசுலாமியத் தோழர்களின் தேநீர்க்கடைகளும் உழைப்பாளிகளின் உண்மையான மன்றங்களாக இருந்தன. மவுண்ட் ரோட்டில் 1951இல் தொடங்கிய புகாரி ஓட்டல் இன்றும் இருக்கிறது. 'சிக்கன் 65' என்ற பண்டம் 1965இல் தம் அடுப்பில் பிறந்ததாக அக்கடையார் சொல்வர். பெயருக்கு வேறு விளக்கங்கள் சொல்வாரும் உளர். தின்று கொண்டே வாதிடலாம்.

நம் விருப்பத்துக்குரிய இடம் எது என்று கேட்டால், பாரிமுனையைச் சொல்வோம். மாலையில் கடற்கரை நிலையத்தருகே தள்ளுவண்டிகளில் 'அத்தோ' விற்பார்கள். தடித்த நூடுல்சில் முட்டைகோசும் வெங்காயமும் புளிநீரும் வறுத்த பூண்டும் கலந்து, கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டுச் சாறு, கொதிக்கக் கொதிக்க. இது பர்மிய உணவு. பர்மாவை வளப்படுத்தச் சென்ற தமிழன், 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் கடையும் வயலும் பறிபோக, வெறுங்கையனாய்த் திரும்பினான். கையில் ஒன்றுமில்லை, நாக்கில் இருந்த சுவையை எவராலும் பறிமுதல் செய்ய முடியவில்லை! திரும்பியவர் பிழைப்பதற்கென 1969இல் பர்மா பஜார் அமைந்தது. அந்த வண்டியின் முன் மூட்டை தூக்குபவரும் வழக்குரைஞரும் தோளோடு தோள் நின்று உண்பதைக் காணலாம். சமபந்தி விருந்துக்கு நாள் குறித்து, மேடை போட்டு, மாலை சூட்டி நடத்தும் பெரியோர்கள் ஒரு மாலை அங்கே வந்து பார்க்கலாம்.

இனி, சுற்றிப் பார்த்தல். காசில்லாதவனுக்குச் சென்னை பெருங்கொடையாளி. 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் எழும்பூரில். பக்கத்திலேயே அருங்காட்சியகம், உள்ளே அமராவதிச் சிற்பங்கள். 2010இல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் முழுதும் குளுகுளுவென்று படிக்கலாம். பழைய நூல்களின் சுரங்கமாக இருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. அந்த இழப்பை எதைக் கொண்டும் ஈடு செய்ய இயலாது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் காருக்குள்ளேயே சிற்றுண்டி கொண்டுவந்து தந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா மலர்ந்தது. காருள்ளவர் உண்ட இடத்தில் காலுள்ளவர் எல்லோரும் உலவுகின்றனர்.

மாலையானால் மெரினா. கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்ற வட்டமுகக் கட்டடம் இருக்கிறது. 1842இல், அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டியது. சென்னை வெயிலில் குளிர்நீர் பருக, பாதி உலகம் கடந்து பனி வந்தது. பருகியவர் விலை கொடுக்க வல்ல சிலரே. பின்னர் அதே கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளங்கைம்பெண்களைத் தங்கவைத்துப் படிக்க வைத்தார் என்பது அதன் பெருமை. எதிரே உள்ள மணல், 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே நாள் கொண்டாடிய மணல். 1938இல் திருச்சியிலிருந்து நடந்து வந்த இந்தி எதிர்ப்புப் படையை வரவேற்ற மணல். ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையடியில் அமர்ந்து தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலைத் தின்னுங்கள். சுண்டல் விற்கும் சிறுவன் பள்ளிக்குப் போகிறானா என்று கேளுங்கள்; நாம் கேட்பதுண்டு.

உண்ண இடம் எளிதாயிற்று. தங்க? அங்கேதான் பழைய பலகை புது மையில் எழுதப்படுகிறது. வாடகைக்கு அறை தேடும் பிள்ளைகளிடம் "நீங்கள் சைவமா?" என்று கேட்கிறார்கள் வீட்டுக்காரர்கள். கேட்பது கீரையைப் பற்றியன்று என்பது கேட்பவர்க்கும் தெரியும், கேட்கப்பட்டவர்க்கும் தெரியும். 2018இல் இந்நகரின் பெயர்பெற்ற உயர்கல்விக்கூடம் ஒன்றின் உணவுக்கூடத்தில் சைவர்க்கென்று தனி வாயிலும் தனிக் கைகழுவும் தொட்டியும் குறித்து அறிவிப்பு ஒட்டினர். மாணவர் எதிர்த்த பின்பே அந்தத் தாள்கள் கிழிந்தன. 1941இல் இரயில் நிலையத்திலிருந்து விரட்டப்பட்ட தடுப்பு, ஆராய்ச்சிக்கூடத்தின் அருகே வந்து நின்றது! அரசு நடத்தும் 'தோழி' விடுதிகள் வேலைக்கு வரும் பெண்களுக்குத் துணை. ஆனால் கோடைதோறும் வந்திறங்கும் இளைஞர் கூட்டத்துக்கு, சாதியும் உணவும் கேளாத விடுதிகள் இன்னும் பல வேண்டும். திருவல்லிக்கேணியில் ஒரு மருத்துவர் தம் பொறுப்பில் நடத்திக் காட்டியதை, பயிற்சிக்கு ஆள் அழைக்கும் நிறுவனங்கள் ஏன் நடத்தலாகாது? அழைப்புக் கடிதத்தில் வேலை நேரத்தை எழுதுகிறவர்கள், படுக்கும் இடத்தையும் சேர்த்து எழுதட்டும்.