அப்பலாச்சியன் தடத்தில் வேகச் சாதனைகளின் வரலாறு

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில், ஜார்ஜியாவிலுள்ள ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலை வரை செல்லும் காட்டுவழி நடைபாதையே அப்பலாச்சியன் தடம். 14 மாநிலங்களைக் கடக்கும் இதன் நீளம் சுமார் 3,500 கி.மீ. வழியிலுள்ள ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 1.4 லட்சம் மீட்டரைத் தொடும். பென்டன் மெக்கை என்பவர் 1921இல் இத்தடத்தை முன்மொழிந்தார். 1937இல் பாதை முழுமை பெற்றது. நகர வாழ்வில் களைத்தவர்கள் காட்டில் நிதானமாக நடந்து இளைப்பாற வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். அந்தப் பாதையிலேயே மணிக்கணக்கும் நிமிடக்கணக்கும் பார்க்கும் போட்டி எழுந்தது ஒரு வேடிக்கைதான்.

முழுத் தடத்தையும் ஒரே பயணமாக நடந்ததாக அறிவித்த முதல் மனிதர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய அவர் 1948இல் 124 நாட்களில் நடந்து முடித்தார். 1973இல் வாரன் டாயல் அதை 66 நாட்களாகக் குறைத்தார். 1991இல் டேவிட் ஹார்ட்டனும் ஸ்காட் கிரியர்சனும் ஒரே பருவத்தில் களமிறங்கினர். ஹார்ட்டன் ஓடினார், கிரியர்சன் நீண்ட நேரம் நடந்தார். ஓடியவரே வென்றார்: 52 நாட்கள் 9 மணி நேரம். பின்னர் பீட் பால்மர் (1999) 48 நாட்களிலும், ஆண்ட்ரூ தாம்ப்சன் (2005) 47 நாட்களிலும் முடித்தனர்.

துணைக்குழுவின் வேலை

இச்சாதனைகள் மூன்று வகைப்படும். துணைக்குழுவின் உதவியுடன் செல்வது ஒன்று. தன் சுமையைத் தானே சுமந்து, வழியிலுள்ள ஊர்களில் உணவு வாங்கிக்கொண்டு செல்வது மற்றொன்று. தொடக்கத்திலேயே எல்லா உணவையும் சுமந்துகொண்டு, வெளியிலிருந்து எதையும் பெறாமல் செல்வது மூன்றாவது. முதல் வகையில், தடத்தைச் சாலைகள் வெட்டும் இடங்களில் வேன் காத்திருக்கும். உணவு, தண்ணீர், உலர்ந்த காலுறை, புதிய காலணி, படுக்கை எல்லாம் அதில் இருக்கும். இரவு உறங்க வேனில் ஏறிச் செல்லலாம். ஆனால் மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். ஓர் அடிகூட விடுபடக் கூடாது.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் வேன் ஓட்டுபவர் மண் சாலைகளில் வழி தேடி, கைப்பேசித் தொடர்பு இல்லாத காட்டோரத்தில் நள்ளிரவிலும் காத்திருக்க வேண்டும். ஒரு சந்திப்பு தவறினால் நடப்பவர் அடுத்த சாலை வரை பட்டினிதான். மெயின் மாநிலத்தில் ‘நூறு மைல் வனம்’ என்ற பகுதியில் பொதுச் சாலைகளே இல்லை. முடிவில் சாதனை ஒருவர் பெயரில்தான் பதிவாகும்.

2011இல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் வடக்கிலிருந்து தெற்காக 46 நாட்கள் 11 மணி 20 நிமிடங்களில் தடத்தை முடித்தார். ஆண், பெண் இருபாலரிலும் அதுவே அன்றைய மிக விரைவான நேரம். முந்தையதைவிட 26 மணி நேரம் குறைவு. அவர் பெரும்பாலும் ஓடவில்லை, நடந்தார். நாளொன்றுக்குச் சராசரியாக 75 கி.மீ. தொடக்க வாரங்களிலேயே கணுக்கால் முதல் முழங்கால் வரை கடும் வலி, கூடவே உடல்நலக் குறைவு. கைவிட்டுவிடுகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டார். உடனே முடிவெடுக்க வேண்டாம், சாப்பிட்டுவிட்டு இன்னும் சிறிது தொலைவு போய்ப் பார் என்று கணவர் சமாதானப்படுத்தினார். அந்தப் பேச்சு நிகழாதிருந்தால் இச்சாதனையும் இல்லை. முன்னர் விரைவு நடை நடந்த வாரன் டாயலும் அவருடைய துணைக்குழுவில் இருந்தார்.

2015இல் ஸ்காட் ஜூரக் அந்த நேரத்தை மூன்று மணி நேரம் மட்டுமே குறைத்தார். வேனை ஓட்டியவர் அவருடைய மனைவி. கட்டாடின் உச்சியில் ஷாம்பெயின் திறந்து கொண்டாடியதால் பூங்கா நிர்வாகம் வழக்குப் பதிந்தது. பொது இடத்தில் மது அருந்தியதற்காக 500 டாலர் அபராதம் செலுத்தினார். அபராதத் தொகை சிறிது. ஆனால் அமைதிக்காகப் பேணப்படும் மலையில் குழுவும் கேமராவுமாக ஏறலாமா என்ற கேள்வியை அவ்வழக்கு எழுப்பியது. அது நியாயமான கேள்வியே. தடத்தைப் பராமரிக்கும் அமைப்பும் வேகச் சாதனைகளை அங்கீகரிப்பதில்லை.

ஜூரக்கின் இறுதி நாட்களில் அவருக்கு உதவியவர்களுள் கார்ல் மெல்ட்சரும் ஒருவர். மறு ஆண்டே மெல்ட்சர் அச்சாதனையை முறியடித்தார் (45 நாட்கள் 22 மணி 38 நிமிடம்). அப்போது அவருக்கு உதவ ஜூரக் வந்திருந்தார். தன் சாதனை உடைவதற்குத் தானே துணை நிற்பது மற்ற விளையாட்டுகளில் அரிது.

2017இல் ஓர் அதிர்ச்சி. துணைக்குழுவே இல்லாமல், முதுகில் பையுடன் ஜோ மெக்கானஹே 45 நாட்கள் 12 மணி 15 நிமிடங்களில் முடித்து மெல்ட்சரை முந்தினார். வேனும் ஆட்களும் எதற்கு என்று சிலர் கேட்கத் தொடங்கினர். மறு ஆண்டே பதில் வந்தது. பெல்ஜியம் நாட்டுப் பல் மருத்துவர் காரல் சாபே துணைக்குழுவுடன் ஓடி 41 நாட்கள் 7 மணி 39 நிமிடங்களில் முடித்தார். நான்கு நாட்களுக்கும் மேல் ஒரே பாய்ச்சலில் குறைந்தது.

ஆறு ஆண்டுகள் அந்நேரம் அசையவில்லை. 2024 ஆகஸ்டில் கட்டாடினிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட தாரா டவர், நாளொன்றுக்குச் சராசரியாக 86 கி.மீ. கடந்து, செப்டம்பர் 21 அன்று ஸ்பிரிங்கர் மலையை அடைந்தார். எடுத்துக்கொண்ட நேரம் 40 நாட்கள் 18 மணி 6 நிமிடம். அவருடைய துணைக்குழுவில் அவருடைய தாயாரும் இருந்தார்.