பாண்ட் ரசிகர்களும் ஜான் கிளெனும்: ஒரு மதிப்பீடு மாறிய வரலாறு

ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் மிக அதிகமான படங்களை இயக்கியவர் ஜான் கிளென். ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ (1981), ‘ஆக்டோபஸ்ஸி’ (1983), ‘எ வியூ டு எ கில்’ (1985), ‘தி லிவிங் டேலைட்ஸ்’ (1987), ‘லைசன்ஸ் டு கில்’ (1989) என அடுத்தடுத்து ஐந்து படங்கள். ஆனாலும் சிறந்த பாண்ட் இயக்குநர் யார் என்ற பேச்சு எழுந்தால், ரசிகர்கள் டெரன்ஸ் யங், பீட்டர் ஹன்ட், மார்ட்டின் கேம்பல் என்று சுற்றிவிட்டுத்தான் கிளெனிடம் வருகிறார்கள். வந்தபின் சண்டை ஓய்வதில்லை. ஒரு தரப்புக்கு அவர் சாகசக் காட்சிகளின் மேஸ்திரி. மறுதரப்புக்கு, கொடுத்த வேலையைக் குறித்த நாளில் முடித்துத் தந்த கம்பெனி ஆள். கிளெனின் படங்கள் அப்படியேதான் இருக்கின்றன. இயக்குநரிடம் ரசிகர் எதை எதிர்பார்த்தார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறிவந்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தொடக்கத்தில் இயக்குநர் ஒரு பொருட்டாகவே இல்லை. படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்று பிரெஞ்சு விமர்சகர் த்ரூஃபோ 1954இல் எழுப்பிய குரலை அமெரிக்காவில் ஆண்ட்ரூ சாரிஸ் கோட்பாடாக முன்வைத்ததும், ‘டாக்டர் நோ’ திரைக்கு வந்ததும் ஏறத்தாழ ஒரே சமயம்தான், 1962. ஆனால் பாண்ட் படங்கள் தயாரிப்பாளர்களான பிராக்கொலி, சால்ட்ஸ்மேன் இருவரின் சொத்து. திரையரங்குக்குப் போனவர் பாண்டாக நடித்த கானரியைப் பார்க்கப் போனார். அந்தக் கானரியைத் தம் சொந்தத் தையல்காரரிடம் அழைத்துப்போய், நடையும் மேசைப் பழக்கமும் சொல்லிக்கொடுத்து பாண்டாக்கியவர் யங் என்பது பின்னாளில்தான் ரசிகர் பேச்சில் கனம் பெற்றது.

முதல் மறுவிசாரணை ஹன்டுக்கு நடந்தது. தொடக்கப் படங்களின் வேகமான வெட்டுகளுக்குப் பெயர்போன எடிட்டரான அவர், ‘ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரட் சர்வீஸ்’ (1969) படத்தை இயக்கினார். வசூல் முந்தைய படத்தைவிடக் குறைந்தது. கானரி இல்லாத குறையே எல்லோர் வாயிலும். 1976இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, படத்தை வெட்டி வரிசை மாற்றி, பாண்டே கதை சொல்வதாக ஒரு பின்னணிக் குரலும் சேர்த்து ஒளிபரப்பியது. எடிட்டரின் படத்துக்கே இந்த கதி! வீடியோ கேசட் வந்து முழுப்படத்தையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க முடிந்தபோதுதான் ரசிகர்கள் அதன் சட்டக அமைப்பையும் ஒலியையும் கவனித்துப் பேசத் தொடங்கினார்கள். கிறிஸ்டோபர் நோலன் தமக்குப் பிடித்த பாண்ட் படம் இதுவே என்றார். ஸ்டீவன் சோடர்பெர்க் 2013இல் திரைமொழி நோக்கில் இதை உச்சத்தில் வைத்து எழுதினார். பாண்ட் இயக்குநருக்கும் தனிக் கையெழுத்து இருக்க முடியும் என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது.

கிளென் இந்த ஹன்டின் பட்டறையில் வந்தவர். 1969 படத்தின் எடிட்டரும் இரண்டாம் யூனிட் இயக்குநரும் அவரே. ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ (1977) தொடக்கத்தில், கனடாவின் பாஃபின் தீவில் உள்ள ஆஸ்கார்ட் மலையுச்சியிலிருந்து ஒருவர் பனிச்சறுக்கில் பாய்ந்து, பிரிட்டிஷ் கொடி பொறித்த பாராசூட்டை விரிக்கிறாரே, அதைப் படமாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான். ‘மூன்ரேக்கர்’ விண்வெளிவரை போய்விட்ட பிறகு பாண்டைத் தரைக்கு இறக்க வேண்டியிருந்தது. நிறுவனம் வெளியே தேடவில்லை. உள்ளிருந்தே பதவி உயர்வு கொடுத்தது. அதே எழுபதுகளில் பாண்ட் படம் கேட்டுப் போய்த் தமக்கு மறுக்கப்பட்டதாக ஸ்பீல்பெர்க் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கிளெனின் ஆதரவாளர்கள் எப்போதும் சாகசக் காட்சிகளையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். அது பலவீனமான சாட்சி. அந்தப் பெருமையில் பாதி ஸ்டன்ட் கலைஞர்களுக்குச் சேரும். வலுவான சாட்சி வேறிடத்தில் இருக்கிறது. ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யில் மலைவிளிம்பில் தொங்கும் காருக்குள் கொலைகாரன் லாக் சிக்கியிருக்கிறான். பாண்ட் அவனிடம் புறாச் சின்னத்தை எறிகிறார். பிறகு காரை எட்டி உதைக்கிறார். தம் பாண்ட் இப்படிச் செய்யமாட்டார் என்று ரோஜர் மூர் தயங்க, உதைத்தே ஆகவேண்டும் என்று நின்றவர் கிளென். ஏழு படத்தில் மூரின் முகம் அவ்வளவு கடுமையானது அரிது.

‘ஆக்டோபஸ்ஸி’யில் வழக்கு இன்னும் சிக்கல். உதய்ப்பூர் தெருவில் ஆட்டோ துரத்தல். சென்னையின் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடிக்க, வேடிக்கை பார்ப்பவர்களின் தலைகள் இடமும் வலமுமாகத் திரும்புகின்றன. காட்டில் டார்சன் கூச்சல் வேறு. ‘இதுதான் உங்கள் பெரிய இயக்குநரா?’ என்று கேட்பவர்களிடம் பதில் சொல்வது கடினம். ஆனால் அதே படத்தின் இறுதிப் பகுதியில், அமெரிக்க விமானத்தளத்து சர்க்கஸ் கூடாரத்தில், பாண்ட் கோமாளி வேடத்தில் நின்று அணுகுண்டு வெடிக்கப்போகிறது என்று கதறுகிறார், கூட்டம் சிரிக்கிறது. கேலிக்கூத்தின் உடையையே பதற்றத்தின் கருவியாக்கிய அந்த நிமிடங்களை வெறும் மேஸ்திரி வேலை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த ஆண்டு கானரியை வைத்து இர்வின் கெர்ஷ்னர் எடுத்த போட்டிப் படமான ‘நெவர் சே நெவர் அகெய்ன்’ வசூலில் பின்தங்கியது.

‘எ வியூ டு எ கில்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 57 வயது மூரை ஓடவிட்டது யார் முடிவாக இருந்தாலும் பழி கிளெனுக்கு வந்தது.

உண்மையான சரிவு ‘லைசன்ஸ் டு கில்’. பிரிட்டனில் 15 வயதுச் சான்றிதழ் பெற்ற முதல் பாண்ட் படம் இது. சுறா, ரத்தம், பழிவாங்கல். ‘பேட்மேன்’, ‘இண்டியானா ஜோன்ஸ்’ மோதிய 1989 கோடையில் அமெரிக்காவில் சுமார் 3.5 கோடி டாலரோடு நின்றது. ‘இது பாண்டே இல்லை’ என்பது அன்றைய பொதுத் தீர்ப்பு. சட்டச் சிக்கலால் ஆறு ஆண்டு இடைவெளி. கிளென் திரும்பி வரவில்லை. வெளியே அவர் எடுத்த கொலம்பஸ் படம் (1992) தோற்றதும் எதிர்த்தரப்புக்கு வசதியானது.

தீர்ப்பைத் திருப்பியவர் கிளென் அல்ல, டேனியல் கிரெய்க். ‘கேசினோ ராயல்’ (2006) கொண்டாடப்பட்டபோது, இந்தக் கடுமையை டிமதி டால்டன் முன்பே காட்டிவிட்டாரே என்று பழைய ரசிகர்கள் நினைவூட்டினார்கள். டால்டனின் இரு படங்களும் கிளெனுடையவை. அடுத்து வந்த ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ (2008) இன்னொரு கதவைத் திறந்தது. இயக்கியவர் நாடகப் படங்களால் பெயர்பெற்ற மார்க் ஃபார்ஸ்டர். சண்டையில் யார் எங்கே நிற்கிறார் என்றே புரியவில்லை என்று ரசிகர்கள் குறைப்பட்டார்கள். 1989 படமும் 2008 படமும் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் சிக்கியவை என்பதால் ஒப்பீடு எளிதாயிற்று. ‘லைசன்ஸ் டு கில்’லில் மெக்சிகோ மலைச்சாலையில் டேங்கர் லாரி ஒருபக்கச் சக்கரங்களில் சாய்ந்தோடும்போது எந்த வண்டி எங்கே இருக்கிறது என்பதில் கிளெனிடம் துளிக் குழப்பமும் கிடையாது.

இருந்தும் அவர் வசனக் காட்சிகள் சப்பென்று இருக்கின்றன என்ற குற்றச்சாட்டு நிற்கிறது, நியாயமானதும்கூட. இரண்டு பேர் அறையில் பேசினால் கேமராவுக்கு வேலையே இருக்காது. ஆஸ்கர் வென்ற சாம் மெண்டிஸின் ‘ஸ்கைஃபால்’ (2012) 100 கோடி டாலரைத் தாண்டியபின் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 2025இல் பாண்ட் படங்களின் படைப்புக் கட்டுப்பாடு அமேசான் கைக்குப் போனது. ஜூனில் அடுத்த பாண்டின் இயக்குநராக டெனி வில்நவ் அறிவிக்கப்பட்டார். அப்போது பாண்டாக நடிக்கப்போகிறவர் யாரென்று அறிவிக்கப்படவில்லை.