பெறுபேற்றுத் தாளும் எங்கள் ஊரும்



உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் நிறைந்துவிடும். "மாஷா அல்லாஹ்" என்று படம் போட்டு வாழ்த்துவோம். சித்தியடையாத பிள்ளையின் வீடு மட்டும் அன்று சத்தமில்லாமல் இருக்கும். அமெரிக்காவில் பாடசாலைப் படிப்பு முடிந்தால் அங்கியும் தொப்பியும் அணிவித்து மேடையேற்றுவார்கள். எங்கள் பிள்ளைகளின் 13 வருடப் படிப்பு ஒரு தாளோடு முடிகிறது. யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய எங்களுக்கு அந்தத் தாள் என்னவாக இருந்தது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் உயர்வகுப்புகள் உள்ள முஸ்லிம் பாடசாலை இல்லை. அவர் குர்ஆன் மத்ரஸாவில் ஓதி, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் பிறகு யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இலவசக் கல்வி 1945இல்தான் வந்தது. அதற்கு முன்பு பிள்ளையை மேல்வகுப்புக்கு அனுப்புவது வசதியுள்ள குடும்பத்தால்தான் முடிந்தது. அஸீஸ் 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் ஆனார்.

நாங்கள் அவரை அந்தப் பதவிக்காக மட்டும் நினைக்கவில்லை. கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது 1942இல் அங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்கினார். 1948இல் சிவில் சேவையை விட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். தான் படித்து ஏறிய ஏணியை மற்றப் பிள்ளைகளுக்கும் பிடித்துக் கொடுத்த மனிதர் அவர்.

பிறகு எங்களுக்கென்று ஒஸ்மானியாக் கல்லூரி வந்தது, பெண்பிள்ளைகளுக்குக் கதீஜா வந்தது. சோனகதெருவில் ஒரு பிள்ளை ஏ.எல். பாஸ் என்றால் அது முழுத் தெருவுக்கும் பெருநாள் மாதிரி என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி காலை புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து எங்கள் மக்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட இடம் ஒஸ்மானியாவை அடுத்த ஜின்னா மைதானம். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள்.

சான்றிதழும் வீட்டோடு போனது. ஆனால் பரீட்சையில் சித்தியடைந்தவரின் பெறுபேறு கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்தில் பதிவில் இருந்தது. எழுதிய வருடமும் சுட்டெண்ணும் இருந்தால் பிரதி எடுக்கலாம். வீட்டையும் கடையையும் இழந்தவருக்குப் படித்து முடித்த படிப்பு மட்டும் மிஞ்சியது.

அந்த வருடம் ஓ.எல். எழுத ஆயத்தமாக இருந்த பிள்ளைகளுக்கு அதுவும் மிஞ்சவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் கல்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போனார்கள். அப்படியிருந்தும் எங்கள் ஆசிரியர்கள் விடவில்லை. ஓலைக் கொட்டில்களிலும், காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள் படித்த கட்டடங்களில் பின்னேரத்திலும் வகுப்பு நடத்தினார்கள். எங்கள் வயதுக்காரர் பலர் அந்த வகுப்புகளில் எழுத்துக் கற்றவர்கள்.

அங்கேயும் ஒரு சங்கடம் இருந்தது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீடு. அகதிப் பிள்ளை புத்தளத்திலிருந்து தெரிவானால் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு இடம் குறையும். அந்த மனத்தாங்கலில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. எங்களுக்கு இடம் தந்த மக்கள் அவர்கள். எங்கள் ஒவ்வொரு சித்திக்குப் பின்னாலும் இப்படி இன்னொருவர் விட்டுக்கொடுத்ததும் இருக்கிறது.

இன்று ஒஸ்மானியாவில் மீண்டும் மணி அடிக்கிறது. ஆனால் "ஓ.எல். போதும், கடைக்கு வரட்டும்" என்ற பேச்சும் வீடுகளில் கேட்கிறது. பெண்பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரமாகக் கேட்கிறது. வறுமையும் வாடகையும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் 1990இல் பாதியில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அந்தத் தெரிவே இருக்கவில்லை. எங்கள் பிள்ளைகளை நாங்களே பாதியில் நிறுத்தலாமா?

சித்தியடையாத பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழகத்துக்காக ஏ.எல். மூன்று தடவை எழுதலாம். தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கதவு மூடவில்லை.

சித்தியடைந்த பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கொப்பிகளையும் பழைய வினாத்தாள்களையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அடுத்த வருடம் எழுதப்போகும் ஒரு பிள்ளையைத் தேடிக் கொடுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து சொல்லியும் கொடுங்கள். பணம் இருப்பவர்கள் ஒரு பிள்ளையின் ரியூஷன் காசைப் பொறுப்பெடுங்கள். விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பிள்ளைகளோடு சேர்த்துவிடுவது எங்கள் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.