சாவி யார்கிட்ட இருக்கு? தஞ்சை டெல்டாவில் வீடும் மனையும்

இந்த எபிசோட் வாடகை வீட்டைப் பத்தி. ஆனா அட்வான்ஸ் எத்தனை மாசம், மெயின்டனன்ஸ் எவ்வளவுங்கிற கதை இல்ல. நீங்க இல்லாத நேரத்துல, ஏன், நீங்க உள்ள தூங்கிட்டு இருக்கும்போதே, உங்க வீட்டுக்குள்ள வர்ற உரிமை யாருக்கு இருக்கு? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போற நம்ம ஆட்கள்ல பல பேர் இந்தக் கேள்வியை முதல்ல சந்திக்கிறது அங்கதான். கனடாவோட ஒண்டாரியோ மாகாணத்துல 2006ஆம் வருஷச் சட்டப்படி, ஓனர் ரிப்பேர் பார்க்க உள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் தரணும். காலை 8 மணியிலிருந்து ராத்திரி 8 மணிக்குள்ளதான் வரணும். கலிஃபோர்னியாவிலும் பொதுவா அதே 24 மணி நேரம்தான். தீப்பிடிச்சாலோ குழாய் உடைஞ்சாலோ மட்டும் விதிவிலக்கு. நம்ம ஊர்ல தண்ணி மோட்டார் போட வந்த ஹவுஸ் ஓனர் அப்படியே அடுப்படி வரைக்கும் வந்து, "என்ன தம்பி, இன்னைக்கு என்ன சமையல்?"னு பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்த நோட்டீஸ் ஒரு அதிசயம்.

உடனே ஒரு பதில் வரும். "பிரைவசி எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம்ம கிராமத்துல யாரு கதவைச் சாத்தினா?" இதை நான் எங்க தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாண வீட்டுல, ஆபீஸ் கேண்டீன்ல, எல்லா இடத்திலும் கேட்டிருக்கேன். எனக்கு இதுல உடன்பாடு கிடையாது. யார் எந்த வாசப்படி வரைக்கும் வரலாம்னு காவிரி டெல்டா அளவுக்குத் துல்லியமா கணக்கு வெச்சிருந்த இடம் உலகத்துலேயே குறைவு. அந்தக் கணக்கு வீட்டுக்குள்ள இருக்கிற மனுஷனை வெச்சுப் போட்டது இல்ல. வீடு நிக்கிற மண் யாரோடது, உள்ள இருக்கிறவங்க என்ன சாதி, இது ரெண்டையும் வெச்சுப் போட்ட கணக்கு.

கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர் 1951 முதல் 1953 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் தங்கி ஆய்வு செய்தார். அவர் எழுதிய ஒரு கிராமத்துக்கு 'கும்பப்பேட்டை' என்று புனைபெயர் வைத்தார். அக்ரகாரம் ஒரு பக்கம், நடுவில் மற்ற சாதித் தெருக்கள், வயலைத் தாண்டி ஒதுக்குப்புறத்தில் பள்ளர்கள் வாழ்ந்த தெரு. அக்ரகாரத்துக்குள் பள்ளர்கள் போக முடியாது. இது நமக்குத் தெரிஞ்ச விஷயம். அவர் பதிவு செய்த இன்னொரு பாதி அவ்வளவா பேசப்படுறது இல்ல. பிராமணர்களும் அந்தத் தெருவுக்குள் போகக்கூடாது. போனால் அங்கே இருப்பவர்களுக்குக் கெடுதல் வரும் என்ற நம்பிக்கை இருந்தது.

மேலோட்டமா பார்த்தா ரெண்டு பக்கமும் சமமான 'நோ என்ட்ரி' போர்டு மாதிரி தெரியும். சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தவங்களுக்கு இதுல இருக்கிற ஓட்டை உடனே புரியும். மிராசுதாருக்கு லாகின் பண்ண வேண்டிய அவசியமே இல்ல. சர்வரே அவரோடது.

அது எப்படின்னு பார்ப்போம். பண்ணையாள் குடும்பத்தோட குடிசையைக் கட்டினது அவங்களேதான். மண் சுவர், மூங்கில், தென்னங்கீற்று, வாசலுக்கு ஒரு தட்டி. ஆனா அந்தக் குடிசை நிக்கிற மனைக்கட்டு மிராசுதாரோட நிலம். நெல்லாகக் கிடைக்கிற கூலி மாதிரியே, குடியிருக்கிற இடமும் வேலைக்கான ஒரு பகுதி. அதனால வேலையை விட்டால் வீடும் போச்சு. விடியறதுக்கு முன்னாடி காரியக்காரரோ அவர் ஆளோ வந்து குரல் கொடுப்பார். உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தாலும் எழுந்து போகணும். மிராசுதார் தன் காலால அந்தத் தெருவை மிதிக்கவே வேண்டாம். அவர் சார்பா ஒரு குரல், ஒரு தடி உள்ள போகும். "நாளைக்கு மனையைக் காலி பண்ணு"ங்கிற ஒரே வார்த்தை போதும், மத்ததெல்லாம் தானா நடக்கும்.

இது தஞ்சாவூர்ல மட்டும் நடந்தது இல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், அந்த மாவட்டப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனை மிராசுதார் கையில் இருப்பதுதான் இவர்களைக் கட்டிப்போடும் கயிறு என்பது அதில் தெளிவாக வந்தது. அடுத்த வருஷம், 1892இல் வந்த அரசாணையிலிருந்துதான் இன்னைக்கு நாம பஞ்சமி நிலம்னு சொல்றது ஆரம்பிக்குது. குடியிருப்பு மனைக்கான தீர்வு ரொம்ப மெதுவா வந்தது. 1920களில் மெட்ராஸ் அரசின் லேபர் டிபார்ட்மெண்ட், தஞ்சாவூர் போன்ற மாவட்டங்களில் மனைகளை விலைக்கு எடுத்து, கூட்டுறவுச் சங்கம் மூலம் தவணையில் கொடுக்க ஆரம்பித்தது. தான் கட்டின வீடு நிக்கிற மண்ணுக்கு ஈஎம்ஐ! ஆனாலும் டெல்டாவோட பரப்புக்கு அது ஓரத்துல நடந்த வேலைதான்.

இதுல இருந்து தப்பிக்க ஒரு வழி, கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். கங்காணி மூலம் ஆள் எடுத்தார்கள். 1938இல் இந்திய அரசு அந்த மாதிரி ஆள் அனுப்புவதைத் தடை செய்யும் வரை அது ஓடியது. 'வெளிநாட்டுல வாடகை வீடு' அனுபவம் நம்ம ஆட்களுக்கு ஐடி கம்பெனியோட வந்தது இல்லை மக்களே. அவங்களுக்குக் கிடைச்ச வீடு லயம், அதாவது வரிசையா சேர்த்துக் கட்டின ஒற்றை அறைகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு சுமார் 10 அடிக்கு 12 அடி. வாடகை கிடையாது. வேலை இருக்கிற வரைக்கும் அறை உண்டு. ஊர்ல மிராசுதாருக்கு இருந்த அதே பிடி இங்க தோட்டத்துரைக்கு. தோட்டமே தனியார் சொத்து என்பதால், லயத்தில் இருப்பவரைப் பார்க்க வரும் சொந்தக்காரரோ தொழிற்சங்கக்காரரோ அத்துமீறி நுழைந்தவர் என்று ஆகிவிடலாம்.

இங்க ஒரு வழக்கைச் சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழக்கு. இலங்கையில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்து அங்கேயே குடியிருந்த செல்வநாயகம் என்பவருக்கு வேலை முடிந்தது என்று நோட்டீஸ் வந்தது. அவர் லயத்தறையை விட்டுப் போகவில்லை. கிரிமினல் அத்துமீறல் என்று வழக்கு. தன்னோட வீட்டுலயே தான் அத்துமீறி இருக்கார்னு குற்றச்சாட்டு! அந்தச் சட்டப் பிரிவு நம்ம 1860 இந்திய தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவுக்கு உடன்பிறப்பு மாதிரி. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணி ஒரு இடத்துக்குள் நுழைந்தால், அல்லது அங்கேயே இருந்தால்தான் அது குற்றம். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1950இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமா வந்தது. அவர் அங்கே இருந்ததன் முக்கிய நோக்கம் தன் குடியிருப்பைக் காப்பாற்றிக்கொள்வது. அதனால் தோட்ட நிர்வாகத்துக்கு எரிச்சல் வரும் என்று தெரிந்திருந்தாலும், எரிச்சலூட்டுவது அவர் நோக்கம் ஆகிவிடாது என்பது அதன் சாரம்.

அந்த 441ஆம் பிரிவுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. 'இன்னொருவருக்குச் சொந்தமான இடம்'னு அது சொல்லல. 'இன்னொருவரின் சுவாதீனத்தில் இருக்கும் இடம்'னு சொல்லுது. பேப்பர்ல அது வாடகைக்கு இருக்கிறவர் பக்கம்தான் நிக்குது. இப்ப இருக்கிற பாரதிய நியாய சங்கிதாவில் அது 329ஆம் பிரிவு. ஆனா சுவாதீனம் உன்னோடதுன்னு ஒத்துக்கொள்ளவே ஆள் இல்லாத ஊர்ல, சட்டப் புத்தகத்துல இருந்து என்ன பிரயோஜனம்?

டெல்டாவுக்குத் திரும்புவோம். 1943இல் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் பி. சீனிவாச ராவ் தஞ்சாவூருக்கு வந்தார். கர்நாடகப் பக்கத்துக்காரர். சேரிகளிலேயே தங்கினார், சாப்பிட்டார். கூப்பிட்டு உள்ளே வந்த வெளியாள். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த ஊர்களில் சங்கம் எழும்பியது. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நினைச்சபடி பண்ணையாளை நீக்க முடியாதுன்னு ஆனது. பல மிராசுதார்கள் என்ன பண்ணாங்க? பண்ணையாள் முறையையே கைவிட்டு தினக்கூலிக்கு மாறிட்டாங்க. ஆள் இப்ப பண்ணையாள் இல்லை, ஆனா குடிசை இன்னும் அதே மனையில். 1961இல்தான், குடியிருப்பிலிருந்து விவசாயிகளையும் விவசாயத் தொழிலாளர்களையும் வெளியேற்றுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் வந்தது.

1968 டிசம்பர் 25. கீழத் தஞ்சையில் கீழவெண்மணி. கூலியை உயர்த்திக் கேட்ட, செங்கொடிச் சங்கத்தில் இருந்த தலித் தொழிலாளர்களின் தெரு. அன்று நடந்த மோதலில் மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் இறந்திருந்தார். இரவில் ஒரு கூட்டம் அந்தத் தெருவுக்குள் புகுந்தது. குடிசைகள் எரிந்தன. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் ஓடிப்போய் ஒரு குடிசைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அதற்கும் தீ வைக்கப்பட்டது. 44 பேர் இறந்தார்கள்.

இதை நான் இந்த எபிசோட்ல சொல்றதுக்குக் காரணம், அதுக்கப்புறம் கோர்ட்ல நடந்தது. செஷன்ஸ் கோர்ட் 1970இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட சிலருக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் மெட்ராஸ் ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் இருந்தது. இவர்கள் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்கார மிராசுதார்கள், ஒருவரிடம் கார் கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்கிற மாதிரியான வாதம்.

கும்பப்பேட்டையை இப்ப ஞாபகப்படுத்திப் பாருங்க. பெரியவங்க அந்தத் தெருவுக்குள்ள கால் வைக்க மாட்டாங்க, ஆள்தான் போகும். தலைமுறை தலைமுறையா இருந்த வழக்கம். அந்த வழக்கம் மேல ஊர்ல எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை, கடைசியில ஒரு கிரிமினல் அப்பீல்ல குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு உதவுற வாதமா மாறி நின்னுச்சு. தீர்ப்பை எழுதின நீதிபதிகளின் மனசுல என்ன இருந்ததுன்னு நான் சொல்ல வரல. அந்த வாதம் யாருக்கும் வினோதமா படாத அளவுக்கு ஊர் பழகிப்போயிருந்தது, அதைத்தான் சொல்றேன்.

நடுவுல 1971இல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. கருணாநிதி ஆட்சியில், குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம். விவசாயத் தொழிலாளியோ குத்தகைதாரரோ குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம். 1961 சட்டம் 'வெளியே தள்ளாதே'ன்னு சொன்னது. 1971 சட்டம் 'மண்ணே அவங்களோடது'ன்னு சொன்னது. டெல்டாவில் நிலச் சீர்திருத்தம்னு பேசும்போது எல்லாரும் உச்சவரம்பைப் பேசுவாங்க, எத்தனை வேலி, எத்தனை மான்னு. என்னைக் கேட்டா, அன்றாட வாழ்க்கையை அதிகம் மாத்தினது இந்தச் சின்ன மனைச் சட்டம்தான். சில சென்ட் நிலம்தான். ஆனா விடியறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து நின்னு "எழுந்திரு, இல்லைன்னா காலி பண்ணு"ன்னு சொல்றவரோட ரெண்டாவது பாதி வசனம் அதோட செல்லாம போச்சு. அதுக்கப்புறம் கூலி பேசுறப்ப வீடு பணயத்துல இல்லை.

சரி, இப்ப நகரத்துல வாடகைக்கு இருக்கிற நமக்கு? பண்ணையாளோட நிலைமையையும் நம்ம நிலைமையையும் ஒண்ணுன்னு சொன்னா அது அபத்தம். நமக்குப் பிடிக்கலைன்னா வேற வீடு பார்க்கலாம். வேற வீடு பார்க்கப் போனா "என்ன ஆளுங்க?"ன்னு சாதியை மறைமுகமா விசாரிக்கிற ஓனர்கள் இன்னும் இருக்காங்கங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். ஆனா நுழையுற உரிமை பத்தி நம்ம மாநிலத்திலேயே சட்டம் இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஓனர் உள்ள வர 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல தெரிவிக்கணும். ஒண்டாரியோவில் இருக்கிற அதே 24 மணி நேரம். தஞ்சாவூர் மேல வீதியில இருக்கிற மாடி போர்ஷனுக்கும் அதுதான்.

ஆனா அந்தச் சட்டம் எழுதிய ஒப்பந்தத்தை எதிர்பார்க்குது, அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் சொல்லுது. நம்மள்ல பாதிப் பேர் 11 மாச அக்ரிமெண்ட்டை ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வெச்சுட்டு மறந்துடுறோம். சில பேருக்கு அதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். இந்த எபிசோட் முடிஞ்சதும் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்து, அது பதிவு ஆகியிருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் நாகப்பட்டினம் துறைமுகத்துல இருந்து பினாங்குக்குப் போன கப்பல்களைப் பத்திப் பேசலாம்.