தந்தமா பாடியது?

கிட்டாரின் தந்தி இரண்டு தாங்கிகளுக்கு இடையே அதிர்கிறது. கழுத்தின் உச்சியில் இருப்பது 'நட்'; வீணையின் குதிரை போல உடல்மீது அமைந்த பகுதியில் பொருத்தப்படுவது 'சேடில்'. விரலளவே உள்ள இத்துண்டுகளை எதனால் செய்வது?

1833-இல் அமெரிக்காவில் தோன்றிய மார்ட்டின் தொழிலகம், அந்த நூற்றாண்டில் தன் உயர்தரக் கிட்டார்களுக்கு யானைத் தந்தத்தைப் பயன்படுத்தியது. காரணம் எளிது. தாங்கி மென்மையாயிருந்தால் அதிர்வாற்றலை அதுவே விழுங்கிவிடும். நாதம் விரைவில் அடங்கும். கடினமாயிருந்தால் அலை திரும்பி ஓடும். தந்தம் கடினமானது; அரத்தால் இழைக்கவும் இணங்குவது.

ஆனால் இக்குணங்கள் தந்தத்துக்கு மட்டுமே உரியனவா? இல்லை. தந்தத்துக்கு உறுதி தரும் கால்சியம் பாஸ்பேட் கனிமமே மாட்டெலும்பிலும் உண்டு. எனவே கொழுப்பு நீக்கிய எலும்பும் கிட்டாரில் இடம்பெற்றது. பிறகு, தாள் அடுக்குகளில் பிசின் ஏற்றி அழுத்திய மைக்கார்ட்டா முதலிய செயற்கைப் பொருள்கள் வந்தன.

1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை, ஆசிய யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுத்தது. 1990 ஜனவரியில் ஆப்பிரிக்க யானைக்கும் அத்தடை விரிந்தது. கிட்டாரின் இசை நின்றுவிட்டதா?

நீங்களே சோதித்துப் பாருங்கள். தந்தியை ஒரு மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இப்போது அதிர்வின் ஒரு முனை அந்த உலோக மெட்டுதான். நட்டுக்கு அங்கே வேலையே இல்லை! சேடிலுக்கு எப்போதும் வேலை உண்டு. ஆனால் அது கேட்பது கடினத்தை, தந்தத்தை அன்று. யானைக்குத்தான் அது உயிர்.